கரப்பான் காலில் சத்தம் வரவில்லையா? நரம்புப் பரிசோதனையில் கோளாறு தேடும் வழி

உயர்தர வகுப்பில் கரப்பான் காலையோ மண்புழுவையோ வைத்து நரம்புக் கணத்தாக்கத்தை, அதாவது நரம்பு வழியே ஓடும் நொடிநேர மின் துடிப்பை, ஸ்பீக்கரில் கேட்கவைக்கும் ஆசிரியர்கள் மலையகத்தில் இப்போது அங்கங்கே இருக்கிறார்கள். ஒன்பது வோல்ற் பெட்டரியில் ஓடும் ஒரு சிறிய விரியலாக்கிப் பெட்டி (மெல்லிய மின் சமிக்ஞையைப் பெரிதாக்குவது), இரண்டு குண்டூசி, அவற்றைக் குத்த ஒரு தக்கை, ஒரு கால் இருந்தால் போதும். சரியாக அமைந்தால் காலின் முள்ளைத் தொட்டவுடன் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்கும். அமையாவிட்டால் வகுப்பே ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "சேர், ஒன்னும் கேக்கலியே" என்று ஒரு பிள்ளை சொல்லும். உடனே எல்லோரும் செய்வது இன்னொரு கரப்பானைப் பிடித்து இன்னொரு காலை எடுப்பதுதான்.

அதைச் செய்யாதீர்கள். சத்தம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டியிலோ கம்பியிலோ அறையிலோ குளிரிலோ இருக்கும். விலங்கில் இருப்பது அரிது. தேடலை அந்த வரிசையிலேயே வைத்துக்கொண்டு விலங்கைக் கடைசியில் பார்த்தால், ஒரு வகுப்புக்கு ஒரு விலங்கு போதும். வலியைப் பற்றிப் படிக்கிற பாடத்தில் வீணாக ஓர் உயிரை வதைப்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். நாம் அதை எவ்வளவு சிக்கனமாகக் கையாளுகிறோம் என்பதையும் கவனிக்கிறார்கள்.

தவளையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலிய மருத்துவர் கல்வானி 1791 இல் தவளைக் காலைப் பற்றி எழுதியதிலிருந்து பாடப்புத்தகங்களில் தவளைதான் முன்னால் நிற்கிறது. ஆனால் நம் மலைக்காடுகளிலும் தோட்டத்து ஓடைகளிலும் இருக்கும் தவளைகளில் பல, உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றில் பல அழியும் நிலையிலும் இருக்கின்றன. வகுப்புக்கு அவை வேண்டாம். கரப்பானும் மண்புழுவும் சொல்லாத எதையும் தவளை உயர்தர மாணவருக்குப் புதிதாகச் சொல்லிவிடாது.

முதலில் ஈரநூல் சோதனை

எந்தக் கோளாறானாலும் விலங்கைத் தொடுமுன் இதைச் செய்யுங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கில் உப்புநீர் கரைத்து, ஒரு துண்டுப் பருத்தி நூலை அதில் நனைத்துத் தக்கையின் மேல் நீட்டி வையுங்கள். இனி மூன்று காரியம்.

இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொடவிடுங்கள். சத்தம் அடங்கி, மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் மிஞ்ச வேண்டும். பிறகு ஊசிகளைப் பிரித்துக் காற்றில் பிடியுங்கள். 'ங்ங்' என்று பெரிய இரைச்சல் எழ வேண்டும். கடைசியாக இரண்டையும் ஈரநூலில் சற்று இடைவெளி விட்டுக் குத்துங்கள். மறுபடியும் அடங்க வேண்டும்.

ஊசிகளைத் தொடவிட்டும் அடங்கவில்லை என்றால், ஊசிக்கும் பெட்டிக்கும் இடையில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, அல்லது இரைச்சல் பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது. காற்றில் பிடித்தும் எழவில்லை என்றால் பெட்டிக்கு உயிர் இல்லை: பெட்டரி, ஆளி, ஸ்பீக்கர், ஒலியளவு இவற்றைப் பாருங்கள். இல்லாவிட்டால் கேபிளுக்குள் இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது மட்டும் தவறினால் ஊசியின் முனையில் துரு அல்லது பூச்சு இருக்கிறது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.

மூன்றும் சரியாக வந்தால் உங்கள் கருவி நல்ல கருவி. இனிமேல் வரும் கோளாறை வேறிடத்தில் தேடலாம். இந்த நூலை எறிந்துவிடாதீர்கள், கீழே மறுபடி தேவைப்படும்.

'ஸ்ஸ்' கூட இல்லை, முழு அமைதி

பெட்டரிதான். புதிதாக வாங்கியது என்பதை நம்பாமல் மல்ட்டிமீற்றரில் அளந்து பாருங்கள். மலிவான கரிப் பெட்டரிகள் கடை அலுமாரியிலேயே பாதி தளர்ந்துபோகும். நுவரெலியாக் குளிரில் அவற்றின் உள்தடை ஏறி, அளக்கும்போது 8 வோல்ற் காட்டி, பெட்டியைப் போட்டவுடன் சரிந்துவிடும். ஆகவே பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். அல்கலைன் வகை வாங்குவது நல்லது.

கையால் செய்த பெட்டியானால் குண்டூசியில் வைத்த ஈயத்தைச் சந்தேகியுங்கள். துருப்பிடிக்காத உருக்கு ஊசியில் சாதாரண ஈயம் ஒட்டாது. ஒட்டியது போலத் தெரிந்து, இழுத்தால் கழன்று வரும். கம்பியை ஊசித்தலையில் இறுக்கிச் சுற்றி, மேலே சுருங்கு குழாய் போடுவது அதைவிட நம்பகமானது.

'ஸ்ஸ்' வருகிறது, கணத்தாக்கம் வரவில்லை

இதுதான் மலைநாட்டில் அதிகம் வரும் கோளாறு. பெரும்பாலும் இதற்குக் காரணம் குளிர்.

கரப்பானை மயக்க நாம் ஐஸ் தண்ணீரில் போடுகிறோம். கொழும்பில் அந்தக் காலை எடுத்து மேசையில் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காலை முதற் பாடவேளையில் அறையே 15, 16 பாகையில் இருக்கும். கால் அந்த அளவோடு நின்றுவிடும். நரம்புக்கலத்தின் சோடியம், பொற்றாசியம் வாயில்கள் குளிரில் மெதுவாகவே திறந்து மூடுகின்றன. கணத்தாக்கங்கள் குறைகின்றன, அகலமாகின்றன. அகலமான கணத்தாக்கத்தின் ஒரு பகுதியைப் மெதுவான அலைகளைக் குறைக்கும் பெட்டியின் வடிகட்டியும் வெட்டிவிடும். ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இருவரும் கணவாயின் தடித்த நரம்பிழையில் (பேரிழையில்) செய்த அளவீடுகளுக்கு 1952 இல் கொடுத்த சமன்பாடுகள் 6.3 பாகை செல்சியஸுக்கானவை. குளிரில் எல்லாம் மெதுவாக நடப்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது. நமக்கு இங்கே அது இடைஞ்சல்.

செய்ய வேண்டியது: ஈரப் பஞ்சின் மேல் காலை வைத்து, மூடிய உள்ளங்கைக்குள் சிறிது நேரம் பிடியுங்கள். மேசை விளக்கின் அடியில் வைக்காதீர்கள், கால் காய்ந்துவிடும். விளக்கின் கம்பி இரைச்சலும் தரும். முடிந்தால் இந்தப் பாடத்தைப் பத்து மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பண்டாரவளையிலோ பதுளையிலோ இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கண்டியில் இல்லையென்றே சொல்லலாம்.

சூடாக்கியும் வரவில்லையா? ஊசி குத்திய இடத்தைப் பாருங்கள். பின்னங்காலை உடம்போடு சேரும் இடத்திலிருந்து எடுத்திருந்தால், அடியில் தடித்த பகுதி ஒன்று, அதற்கடுத்து நீண்ட தொடைப் பகுதி, அதற்கடுத்து முட்கள் நிறைந்த கெண்டைப் பகுதி என்று மூன்று இருக்கும். ஓர் ஊசி அடிப்பகுதியில், மற்றது தொடையில். முட்களில் பிறக்கும் கணத்தாக்கம் உடம்பை நோக்கிப் போகும் பாதையில் இரண்டு ஊசிகளும் இருக்க வேண்டும். இரண்டையும் கெண்டையின் நுனியில் குத்தினால் நல்ல சமிக்ஞை கிடைக்காது. ஊசிகள் தக்கைக்குள் சாய்ந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டாலும் இதே 'ஸ்ஸ்'தான். இது மேலே இருந்து கண்ணுக்குத் தெரியாது, தக்கையைத் திருப்பிப் பாருங்கள்.

வெட்டிய இடம் காய்ந்திருந்தால் உப்புநீர் ஒரு துளி. அதற்கு மேல் வேண்டாம். இரண்டு ஊசிக்கும் நடுவே நீர் தேங்கினால் கணத்தாக்கத்தின் மின்னோட்டம் அந்த நீர் வழியே ஓடி மறைந்துவிடும். மண்புழுவில் இது இன்னும் மோசம், ஏனென்றால் புழு தானே சளியைச் சுரக்கும். ஊசிகளுக்கு இடைப்பட்ட தோலை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

மண்புழுவில் இன்னொரு காரணமும் உண்டு. மயக்குவதற்கு 10 சதவீத எதனோல் கரைசலில் போட்டு, எடுக்க மறந்துவிடுவது. அசைவு நின்றவுடன் எடுத்துக் கழுவ வேண்டும். கூடுதலாகக் கிடந்த புழுவைக் குளோரின் இல்லாத தண்ணீரில் அலசி ஈரத்தாளில் விட்டுவைத்தால், லேசாக நெளியத் தொடங்கும்போது சமிக்ஞையும் திரும்பி வரும். அதற்குள் இன்னொரு புழுவைத் தோண்டப் போகாதீர்கள்.

'ங்ங்ங்' என்று ஓயாத இரைச்சல்

நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். நீங்கள் தேடும் கணத்தாக்கம் வோல்ற்றின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. பெட்டியின் வடிகட்டி ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைக்கும், முழுதாக வெட்டாது. குழல் விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் 50 இன் மடங்குகளையும் அள்ளி வீசுவதால் அவை வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும்.

முதலில் லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும். எர்த் இல்லாத இரண்டு முனைப் பிளக்கில் ஓடும் சார்ஜர் லெப்டொப்பின் உடம்பையே மிதக்கும் மின்னழுத்தத்தில் வைத்திருக்கும். பழைய தோட்டப் பாடசாலைக் கட்டடங்களில் மூன்று முனைப் பொயின்ட் இருந்தாலும் அதன் எர்த் கம்பி எங்கும் போகாமல் முடிந்திருக்கக்கூடும். அடுத்து குழல் விளக்கை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும். பிறகு மேசையைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், சுவருக்குள் கம்பி போகிறது.

அதற்கும் அடங்கவில்லை என்றால் பிஸ்கட் டின். தகரமாக இருக்க வேண்டும், உள்ளே பூச்சு இருந்தால் ஓரிடத்தில் சுரண்டிவிடுங்கள். தக்கையையும் காலையும் டின்னுக்குள் வைத்து, டின்னைப் பெட்டியின் தரைமுனையோடு ஒரு கம்பியால் இணையுங்கள். ஊசிக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, முடிந்த அளவு குட்டையாக வைத்திருங்கள். இந்த டின் பணச்செலவு இல்லாதது. இரைச்சலை நன்றாகக் குறைத்துத் தரும்.

ஒரு எச்சரிக்கை. சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் பிற்பகல்களில் இடி கட்டும்போது ஸ்பீக்கரில் 'படார்' என்று தனித்தனியாக வெடிக்கும். அது நரம்பு அல்ல, தூரத்து மின்னல். அப்போது எல்லாப் பிளக்கையும் கழற்றிப் பரிசோதனையை நிறுத்துங்கள்.

சீரான தாளத்தில் 'பட்பட்பட்'

பிள்ளைகள் இதைக் கேட்டதும் நரம்பு பேசிவிட்டது என்று கைதட்டிவிடுவார்கள். நிறுத்திவைத்து, காலை எடுத்துவிட்டு அந்த ஈரநூலை வையுங்கள். தாளம் தொடர்ந்தால் அது பெட்டியின் சத்தம். எல்எம்386 போன்ற சிப் ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டிகளில், பெட்டரி தளரும்போது வெளியீடு மின்வழங்கலை அசைத்து, அந்த அசைவு மறுபடி உள்ளீட்டுக்கு வந்து, இப்படி ஒரு வட்டம் சுழலும். புதிய பெட்டரி போடுங்கள். கையால் செய்ததானால் பெட்டரி முனைகளுக்குக் குறுக்கே ஒரு பெரிய கொள்ளளவியும், சிப்பின் ஏழாம் முனையிலிருந்து தரைக்கு 10 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றும் போடுங்கள்.

'டிட்டிடிட், டிட்டிடிட்' என்று கரகரப்பது கைத்தொலைபேசி. இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் தொலைபேசி நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலைபரப்பும், அது உள்ளீட்டுக் கம்பியில் ஒலியாக மாறிவிடும். கோபுரத்துக்குத் தூரமான தோட்டங்களில் இந்தத் தொல்லை கூட, ஏனென்றால் சிக்னல் குறைந்த இடத்தில் தொலைபேசி கூடுதல் வலுவில் அலைபரப்புகிறது. எல்லோருடைய தொலைபேசியும் விமானப் பயன்முறையில், ஆசிரியருடையதும்.

தொட்டால் மட்டும் 'டொக்' என்கிறது

தொட்டால் வருகிறது, எடுத்தால் நிற்கிறது, ஆகவே உண்மையான கணத்தாக்கம் என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். தொடும்போது ஊசி அசைந்தாலும் 'டொக்' வரும். உலோகக் கம்பியால் தொட்டாலும், வெறும் விரலால் தொட்டாலும், உங்கள் உடம்பு பிடித்துவைத்திருக்கும் 50 ஹேர்ட்ஸ் உள்ளே போகும்.

வேறுபடுத்தும் வழிகள் இரண்டு. ஒன்று, பல்குத்தும் குச்சியால் முள்ளைத் தொடுங்கள், பிறகு அதே குச்சியால் முள் இல்லாத இடத்தையும் தக்கையையும் அதே அழுத்தத்தில் தொடுங்கள். மூன்றிலும் ஒரே 'டொக்' என்றால் அது வெறும் ஆட்டம். மற்றது, பதிவுசெய்து திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது. கணத்தாக்கம் ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் அகலத்தில் கூர்மையாக ஏறி இறங்கும், ஒன்று போலவே அடுத்ததும் இருக்கும். ஆட்டம் பத்து மில்லிசெக்கனோ அதற்கு மேலோ நீண்டு, ஒவ்வொரு தடவையும் வேறு வடிவத்தில் வரும்.

உயர்தர மாணவருக்கு இந்தப் பரிசோதனையின் மிகப் பெரிய பயன் இதுதான் என்பது என் எண்ணம். கேட்டது நரம்பா, நரம்பு இல்லாத இடத்திலும் அதுவே கேட்குமா என்று தாமாகவே கேட்கப் பழகிவிட்டால், கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்ன என்று அவர்களுக்கு இனி யாரும் எழுதிப்போட வேண்டியதில்லை.

பலமாகத் தொட்டும் உயரமாகவில்லை. முதல் தொடுகைக்குப் பின் மௌனம்

இவை இரண்டும் கோளாறு அல்ல. ஆனாலும் கோளாறு என்று நினைத்துக் காலை மாற்றிவிடுபவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

ஒரு நரம்புக்கலம் பதில் கொடுத்தால் முழுதாகக் கொடுக்கும், இல்லாவிட்டால் கொடுக்காது. எட்கர் ஏட்ரியன் 1920களில் தனி நரம்பிழைகளைப் பதிவுசெய்து காட்டியது இதைத்தான்: தூண்டல் கூடும்போது கணத்தாக்கத்தின் உயரம் மாறுவதில்லை, அவை வரும் வேகம்தான் கூடுகிறது. 1932 இல் ஷெரிங்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். உங்கள் காலிலும் அதுவே. மெதுவாகத் தொட்டு எண்ணுங்கள், பலமாகத் தொட்டு எண்ணுங்கள், உயரத்தைப் பார்க்காதீர்கள். திரையில் உயரமும் குட்டையுமாக இரண்டு மூன்று வகை தெரிந்தால் அவை வெவ்வேறு கலங்கள்: ஊசிக்கு அருகில் இருப்பது, அல்லது தடித்த இழை உள்ளது, உயரமாகத் தெரியும்.

முள்ளை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் படபடப்பு ஓரிரு செக்கனில் குறைந்து நின்றுவிடும். முள்ளின் கலம் மாற்றத்தைச் சொல்வதற்காக இருக்கிறது, மாறாமல் நிற்பதை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்காது. குச்சியை எடுங்கள், சற்று விடுங்கள், வேறு திசையிலிருந்து தொடுங்கள். மறுபடி பொரியும். மண்புழுவின் வாலைத் தட்டிக்கொண்டே இருந்தாலும் பதில் மங்கிப்போகும்; அதற்குச் சில நிமிட ஓய்வு கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்துகாட்டினால் வகுப்பில் நல்ல கேள்விகள் வரும்.

தொடாமலே ஓயாமல் பொரிகிறது

வெட்டியவுடன் சில நிமிடங்கள் இப்படி இருப்பது இயல்பு, காயப்பட்ட நரம்பிழைகள் தாமாகக் கணத்தாக்கம் அனுப்பும். அது தணிந்த பிறகும் கொத்துக்கொத்தாக, தொட்டாலும் தொடாவிட்டாலும் பொரிந்துகொண்டே இருந்தால் மருந்து பட்ட கரப்பான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் அடிக்கும் பூச்சி ஸ்பிரேக்களிலும் நுளம்புச் சுருளிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ரொயிட் வகை. அது சோடியம் வாயில் மூடுவதைத் தாமதப்படுத்துகிறது. மூட வேண்டிய வாயில் திறந்தே கிடந்தால் ஒரு தூண்டலுக்கு ஒரு கணத்தாக்கம் என்ற ஒழுங்கு குலைந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அந்தக் காலை எறியுமுன் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். சோடியம் வாயிலைக் கற்பிக்க அதைவிட நேரடியான சான்று உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் வேண்டுமென்றே மருந்தடித்துக் காட்டத் தேவையில்லை.

அடுத்த முறை கரப்பானை எங்கே பிடிப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். நமக்கு வேண்டிய பெரிய அமெரிக்கக் கரப்பான் சூட்டை விரும்புவது. உயரத்தில் அரிது, தாழ்வான ஊர்களில் கான்களிலும் பேக்கரி அடுப்படிகளிலும் கிடைக்கும். சமையலறையில் ஓடும் சின்ன ஜெர்மன் கரப்பானின் கால் ஊசிக்கு மிகச் சிறியது. பிடித்ததைச் சில நாள் காற்றோட்டமான பெட்டியில் கரட் துண்டும் ஈரப் பஞ்சும் வைத்துப் பார்த்துக்கொண்டால், நஞ்சு பட்டது எது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

மண்புழுவுக்கும் இதே கவனம் வேண்டும். தேயிலை மலையில் கொப்புள நோய் 1946 இல் இலங்கைக்கு வந்ததிலிருந்து செப்புக் கலந்த பூசணக்கொல்லிகள் தெளிக்கப்பட்டு வந்திருக்கின்றன. செப்பு மண்ணில் தங்கும், மண்புழுவுக்கு அது கெடுதி. மரக்கறித் தோட்டங்களில் அடிக்கும் மருந்துகள் தனி. ஆகவே தேயிலைச் செடியடியிலும் லீக்ஸ் பாத்தியிலும் தோண்டாமல், மாட்டுக்கொட்டிலின் பழைய சாணக் குவியலிலோ லயத்துக்குப் பின்னால் உள்ள குப்பை எருக் குழியிலோ எடுங்கள். காட்டோரத்தில் காணப்படும் பெரிய நீலநிற மண்புழுவை எடுக்கவே கூடாது. அது இந்தத் தீவுக்கே உரியது.

ஸ்பீக்கரில் கேட்கிறது, தொலைபேசியில் பதியவில்லை

தொலைபேசியின் குரல்பதிவுச் செயலி மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. கணத்தாக்கத்தை அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். ஸ்பைக் ரெக்கோடர் போன்ற, உள்ளே வருவதை அப்படியே எழுதும் இலவசச் செயலியைப் பயன்படுத்துங்கள். லெப்டொப்பில் ஓடாசிட்டி போதும், ஆனால் விண்டோஸின் ஒலி மேம்பாடுகளை நிறுத்திவிட வேண்டும். கேபிளின் முனையில் நான்கு உலோக வளையப் பகுதிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மூன்று மட்டும் உள்ள சாதாரண ஹெட்போன் முனை மைக் வழியைத் தொடாது. தொலைபேசி தன் சொந்த மைக்கில் வகுப்பின் பேச்சைப் பதிந்துகொண்டிருக்கும்.

மண்புழுவின் வேகக் கணக்கு பொருந்தவில்லை

இரண்டு சமிக்ஞைகளைத் தனித்தனியாகப் பதியும், இரண்டு வழியுள்ள பெட்டி இருந்தால், ஊசிச் சோடி இரண்டை 4 சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்து, கணத்தாக்கம் ஒன்றிலிருந்து மற்றதுக்கு வர எடுக்கும் நேரத்தை அளக்கலாம். 4 மில்லிசெக்கன் எடுத்தால் நொடிக்கு 10 மீற்றர். மண்புழுவின் வயிற்றுப் பக்கமாக ஓடும் நரம்புநாணின் பேரிழைகளில் நடு இழை முன்பக்கத் தொடுகைக்கும், பக்க இழைகள் பின்பக்கத் தொடுகைக்கும் பதில் தரும். ஐரோப்பிய மண்புழுவில் நடு இழைக்கு நொடிக்கு 20 முதல் 30 மீற்றர், பக்க இழைக்குப் 10 மீற்றர் அளவு என்று சொல்லப்படும். உங்கள் எருக்குழிப் புழு வேறு இனம், உங்கள் அறை குளிர். எண் குறைவாக வந்தால் அதை அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் அறை வெப்பநிலையையும் எழுதுங்கள். புத்தக எண்ணுக்கு இழுத்துவிடாதீர்கள்.

நொடிக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் என்று வந்தால் இரண்டு வழியும் ஒரே சமிக்ஞையைக் கேட்கின்றன: இடையில் சளி, அல்லது கம்பிகள் உரசுகின்றன. எண் மறையாக (மைனஸாக) வந்தால் தலையையும் வாலையும் மாற்றி வைத்திருக்கிறீர்கள். உடம்பைச் சுற்றித் தடித்த பட்டை உள்ள முனைதான் தலைப்பக்கம். பட்டை தெரியாத இளம் புழுவானால் எந்தப் பக்கமாக ஊர்கிறது என்று மயக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் எண் மாறினால் புழு நீண்டும் சுருங்கியும் இருக்கிறது. இடைவெளியை முதலில் ஒருமுறை அளந்துவிட்டு விடாமல், பதிவு செய்யும் ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும்.

கால் ஆடவில்லை

தொலைபேசியிலிருந்து வரும் பாட்டின் மின்சாரத்தைக் காலுக்குள் செலுத்தி ஆடவைப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி. ஆடாவிட்டால் பெரும்பாலும் பாட்டுதான் காரணம். மெல்லிய குரலும் புல்லாங்குழலும் போதாது, தாழ்ந்த சுருதியின் வலுவான அடி வேண்டும்; காமன் கூத்தின் உறுமிப் பதிவு நன்றாக வேலை செய்யும். ஒலியளவை முழுதாக வையுங்கள், விரியலாக்கியைக் காலிலிருந்து கழற்றிவிடுங்கள், தொலைபேசி சார்ஜரில் இருக்கக் கூடாது.

தொட்டாற்சுருங்கியில் ஒன்றும் வரவில்லை

விலங்கைத் தொட மனமில்லாத பிள்ளை வகுப்பில் இருந்தால் வற்புறுத்தாதீர்கள். சிலருக்கு அது விரதம், சிலருக்கு வெறும் இரக்கம், இரண்டும் மதிக்க வேண்டியவை. பதிவை அளக்கும் வேலையை அவர்களுக்குக் கொடுக்கலாம், அல்லது தொட்டாற்சுருங்கியைக் கொடுக்கலாம். ஜகதீஷ் சந்திர போஸ் ஆராய்ந்த அதே செடி நம் பாதையோரங்களில் இருக்கிறது, அதற்கும் மின் கணத்தாக்கம் உண்டு. ஆனால் கரப்பான் பெட்டியில் அது தெரியாது. செடியின் கணத்தாக்கம் செக்கன் கணக்கில் நீளும், 300 ஹேர்ட்ஸ் வடிகட்டி அதை முழுதாக விழுங்கிவிடும். மெதுவான சமிக்ஞைக்கு என்று செய்யப்பட்ட வேறு பெட்டி வேண்டும்.

பாடவேளை முடிந்ததும்

மண்புழுவைக் கழுவி, எடுத்த எருக்குழியிலேயே விடுங்கள். ஊசியால் துளைக்காமல், வெறும் கம்பிகளின் மேல் புழுவைப் படுக்கவைத்துப் பதியும் முறையும் உண்டு. சமிக்ஞை சற்று சிறிதாக இருக்கும், ஆனால் நான் இப்போது அதையே விரும்புகிறேன். கம்பி வெள்ளியோ துருப்பிடிக்காத உருக்கோ ஆக இருக்கட்டும், செம்பு வேண்டாம். கால் இழந்த கரப்பான் இளம் பருவத்தில் இருந்தால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் கால் மறுபடி வளரும். இறக்கை வந்ததற்கு வளராது. ஆகவே இறக்கை இல்லாத, ஆனால் பெரிதாக வளர்ந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஊசிகளை உப்புநீரோடு பெட்டியில் போட்டு மூடிவிட்டால், பனி இறங்கும் மாதங்களில் ஒரே வாரத்தில் துரு ஏறிவிடும். வெறும் தண்ணீரில் அலசித் துடைத்து, வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடி போட்ட மூடிபோத்தலில் வையுங்கள். பெட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள்.